நடனக் கூடம் மூடிய பிறகு: ஐரிஷ் அக்கார்டியன் கலைஞர்களின் தொழில்வாழ்க்கை பற்றி வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பிறந்து வளர்ந்த ஐரிஷ் அக்கார்டியன் கலைஞர் ஜோ டெரேன் (1930–2016) பற்றிப் போகிற போக்கில் ஒரு பத்தி எழுதியிருந்தேன். இளமையில் பெரும்புகழ் பெற்று, பிறகு முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தம்முடைய கருவியை ஒதுக்கி வைத்துவிட்டு, அறுபதைக் கடந்த வயதில் மீண்டும் மேடையேறியவர் என்பதே அந்தப் பத்தியின் செய்தி. அதைப் படித்த வாசகர்கள் அனுப்பிய கேள்விகளே இந்த இதழின் பகுதி முழுவதையும் நிரப்பிவிட்டன. வேறு பொருள்கள் குறித்துக் கேட்டவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்தருள வேண்டும்.

கோயம்புத்தூர் வாசகர்: ஜோ டெரேன் அயர்லாந்தில் பிறந்தவரே அல்ல என்கிறீர்கள். அப்படியிருக்க, அவர் ஐரிஷ் மரபிசைக் கலைஞராக உருவானது எப்படி?

பிறந்த ஊர் பாஸ்டன் என்றாலும், அவர் வளர்ந்த வீடு அயர்லாந்தாகத்தான் இருந்தது. தந்தை அயர்லாந்தின் மேற்குக் கடலில் உள்ள அரன் தீவுகளில் பெரியதான இனிஷ்மோர் தீவைச் சேர்ந்தவர். தாய் ரோஸ்காமன் மாவட்டத்துக்காரர். தந்தை அக்கார்டியனும் தாய் ஃபிடிலும் (வயலின்) வாசிப்பார்கள். பிழைப்புக்காகக் கடல் கடந்து வந்த அந்தத் தலைமுறைக்கு, வார இறுதியில் கூடி ஆடுவதற்கும் பாடுவதற்கும் இருந்த இசை, ஊரிலிருந்து கொண்டுவந்த இசைதான். சிறுவனுக்குப் பத்து வயதானபோது ஜெரி ஓபிரையன் என்பவரிடம் பாடம் தொடங்கியது. ஜெரி, கார்க் மாவட்டத்தின் கின்சேல் ஊரிலிருந்து வந்தவர். பாஸ்டனில் பெயர் பெற்ற ஒரு நடன இசைக்குழுவில் வாசித்தவர். முதலில் பத்துப் பொத்தான்கள் மட்டும் கொண்ட மெலோடியன், பிறகு இரண்டு வரிசைப் பொத்தான் அக்கார்டியன் என்று பயிற்சி முன்னேறியது.

அக்காலத்தில் பாஸ்டனின் ரோக்ஸ்பரி பகுதியில், டட்லி தெருவை ஒட்டி ஐந்து பெரிய நடனக் கூடங்கள் இயங்கின. வேலைக்காரப் பெண்களும் கட்டடத் தொழிலாளர்களும் டிராம் ஓட்டுநர்களும் வார இறுதி இரவுகளில் அங்கேதான் கூடினார்கள். பல திருமணங்கள் அந்தக் கூடங்களில் நடந்த அறிமுகத்திலேயே முடிவாயின என்று அந்தத் தலைமுறையினர் சொல்வது வழக்கம். பதின்பருவத்திலேயே டெரேன் அந்த மேடைகளில் ஏறிவிட்டார். ஆட்டக்காரர்களுக்கு வாசிப்பதென்பது கச்சேரிக்கு வாசிப்பது போன்றதன்று. நடை சற்றுத் தளர்ந்தாலும் நூற்றுக்கணக்கான கால்கள் ஒரே நேரத்தில் அதைக் கண்டுபிடித்துவிடும். அவருடைய வாசிப்பில் பின்னாளில் எல்லாரும் வியந்த தாளக்கட்டும் தெளிவும் அந்தக் கூடங்களில் உருவானவை என்பதே என் எண்ணம்.

அதே ரோக்ஸ்பரியில் ஜஸ்டஸ் ஓபிர்ன் டிவிட் என்பவர் இசைத்தட்டுக் கடை ஒன்றை நடத்திவந்தார். இவருடைய தாயார் எலன் ஓபிர்ன் டிவிட்தான், 1916இல் நியூயார்க்கில் கொலம்பியா நிறுவனத்தை அணுகி, 500 தட்டுகளைத் தாமே வாங்கிக்கொள்வதாக உறுதி கூறி, ஐரிஷ் நடன இசையைத் தட்டில் பதியச் செய்தவர். அந்தப் பதிவில் வாசித்தவர்கள் ஓர் அக்கார்டியன் கலைஞரும் ஒரு பேன்ஜோ கலைஞரும் என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். மகன் பாஸ்டனில் காப்லி என்ற பெயரில் சொந்தத் தட்டு நிறுவனம் தொடங்கியபோது டெரேனுக்கு இன்னும் இருபது வயது ஆகவில்லை. 1940களின் இறுதியில், நிமிடத்துக்கு 78 சுழற்சி கொண்ட எட்டுத் தட்டுகளில், பதினாறு பக்கங்களை அவர் பதிவு செய்தார். ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் என்று கொண்டால் மொத்தம் முக்கால் மணி நேரத்துக்கும் சற்றுக் கூடுதலான இசை. அவருடைய பெயர் அரை நூற்றாண்டுக் காலம் நிலைத்திருந்தது அந்த முக்கால் மணி நேரத்தால்தான்.

மதுரை வாசகர்: எங்கள் வீட்டில் ஆர்மோனியம் உண்டு. அதற்கும் இந்த ஐரிஷ் அக்கார்டியனுக்கும் உள்ள உறவையும் வேற்றுமையையும் விளக்க முடியுமா?

இரண்டும் ஒரே குடும்பம். துருத்தியிலிருந்து வரும் காற்று, உள்ளே பொருத்தப்பட்ட உலோக நாக்குகளை அதிரவைப்பதால்தான் இரண்டிலும் ஒலி பிறக்கிறது. ஆனால் ஆர்மோனியத்தில் ஒரு கட்டையை அழுத்தினால், துருத்தியை எப்படி அசைத்தாலும் அதே சுரம்தான் வரும். ஐரிஷ் கலைஞர்கள் வாசிக்கும் பொத்தான் அக்கார்டியனில் அப்படியல்ல. துருத்தியை உள்நோக்கி அழுத்தும்போது ஒரு சுரமும், வெளிநோக்கி இழுக்கும்போது இன்னொரு சுரமும் அதே பொத்தானில் பிறக்கும். மவுத் ஆர்கனில் ஊதினால் ஒன்றும் உறிஞ்சினால் மற்றொன்றும் வருவதைப் பலர் அனுபவித்திருப்பீர்கள், அமைப்பு அதுவேதான்.

நம் வழக்கில் சொல்வதானால், ஒற்றை வரிசைக் கருவியில் ஷட்ஜமம், காந்தாரம், பஞ்சமம் மூன்றும் அழுத்தும்போது வரும். ரிஷபம், மத்தியமம், தைவதம், நிஷாதம் நான்கும் இழுக்கும்போது வரும். ஆகவே சங்கராபரணத்தின் ஆரோகணத்தை நேராக வாசிக்க வேண்டுமென்றால் கிட்டத்தட்ட ஒவ்வொரு சுரத்துக்கும் துருத்தியின் திசை மாற வேண்டும். இப்படி இடையறாமல் திசை மாறுவதால் இசையில் தானாகவே ஒரு வெட்டும் துள்ளலும் வந்து சேர்கின்றன. நடனத்துக்கு அது பெரும் வசதி. ஒரு குறையும் உண்டு: அந்த ஒரே வரிசையில் ஏழு சுரங்களுக்கு வெளியே உள்ளவை இல்லை. அதைத் தீர்க்கத்தான் அரைச்சுரம் தள்ளி இரண்டாவது வரிசையைச் சேர்த்தார்கள்.

திருச்சிராப்பள்ளி வாசகி: 'டி – சி ஷார்ப்', 'பி – சி' என்றெல்லாம் கருவிகளைப் பிரித்துச் சொல்கிறார்கள். வாசிப்பவருடைய வாழ்க்கையில் இது அவ்வளவு பெரிய விஷயமா?

மிகப் பெரிய விஷயம். அந்த இரண்டு எழுத்துகள் இரண்டு வரிசைகளின் சுதியைக் குறிக்கின்றன. நம் கணக்கில் சி ஒரு கட்டை, சி ஷார்ப் ஒன்றரைக் கட்டை, டி இரண்டு கட்டை. ஃபிடில், மரப் புல்லாங்குழல், ஐரிஷ் பைப்புகள் ஆகியவற்றுக்கு டி சுதி இயல்பானது என்பதால் மெட்டுகளில் பெரும்பகுதி அந்தச் சுதியையும் அதன் அக்கம்பக்கத்தையும் சார்ந்தே இருக்கும். டெரேன் வாசித்தது டி – சி ஷார்ப் கருவி. அதில் டி வரிசையே வீடு போன்றது. மற்ற வரிசைக்குத் தேவைப்படும்போது மட்டும் போய்வரலாம். அழுத்தலும் இழுத்தலும் மாறி மாறி வரும் பழைய நடை அதில் இயல்பாகக் கிடைக்கும்.

பி – சி கருவியில் டி என்ற வரிசையே இல்லை. டி சுதியில் ஒரு மெட்டை வாசிக்க இரண்டு வரிசைகளுக்கும் இடையே விரல்கள் ஓயாமல் தாண்ட வேண்டும். கேட்கும்போது இது வீண் சிரமமாகத் தோன்றும். ஆனால் அப்படித் தாண்டும்போது அடுத்தடுத்த சுரங்கள் பல ஒரே துருத்தித் திசையில் கிடைத்துவிடுகின்றன. வெட்டு குறைந்து இசை வழுக்கிக்கொண்டு ஓடுகிறது, ஃபிடில் வாசிப்பவர்களின் நுணுக்கமான அசைவுகளையும் விரலில் கொண்டுவர முடிகிறது. இந்த வழியை நாடறியச் செய்தவர் டிப்பரேரி மாவட்டம் நீனா ஊருக்கு அருகில் பிறந்த பேடி ஓபிரையன் (1922–1991). 1950களின் நடுவில் அவருடைய தட்டுகள் வெளிவந்த பிறகு, அயர்லாந்தின் இளைஞர்கள் கூட்டமாக பி – சி பக்கம் சாய்ந்தார்கள். கால்வே மாவட்டத்தின் ஜோ பர்க் (1939–2021), 1959இலும் 1960இலும் அகில அயர்லாந்துப் போட்டியில் வென்று, அந்த நடையை அழகின் உச்சத்துக்குக் கொண்டுபோனார்.

பழைய முறையில் வாசித்தவர்கள் அதனால் ஒரே தலைமுறைக்குள் பழைமைவாதிகளாகத் தோன்றலானார்கள். கருவியை மாற்றிக்கொள்ளலாமே என்று கேட்கலாம். ஒரு முறையில் பழகிய விரல்களுக்கும் கைக்கும் மற்ற முறை ஏறத்தாழ வேற்று மொழி. பல ஆண்டுப் பழக்கத்தை மறந்துவிட்டுத்தான் அங்கே போக வேண்டும், பெரும்பாலானோர் போகவில்லை.

சேலம் வாசகர்: புகழின் உச்சியில் இருந்த டெரேன் கருவியை ஏன் கைவிட்டார்? மனக்கசப்பா, உடல்நலக் குறைவா?

இரண்டும் இல்லை, கூடங்கள் மூடப்பட்டன. 1950களின் பிற்பகுதியில் தொடங்கி, சில ஆண்டுகளுக்குள் டட்லி தெருவின் ஐரிஷ் இரவுகள் முடிவுக்கு வந்தன. குடியேறியவர்களின் பிள்ளைகள் வசதி பெற்று நகரின் உட்பகுதியை விட்டுப் புறநகர்களுக்குப் போனார்கள். இளைஞர்களின் காதுகள் ராக் அண்ட் ரோல் பக்கம் திரும்பின. 1965இல் அமெரிக்கா தன் குடியேற்றச் சட்டத்தை மாற்றியமைத்தபோது அயர்லாந்திலிருந்து புதிதாக வந்து சேர்வோரின் தொகையும் குறைந்தது. அதற்கு முன்பே கூடங்கள் பெரும்பாலும் அடங்கிவிட்டன என்றாலும், மீண்டும் எழ இருந்த வாய்ப்பை அந்த மாற்றம் அடைத்துவிட்டது.

இங்கே நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அக்காலத்தில் ஐரிஷ் மரபிசையை உட்கார்ந்து கேட்கும் கூட்டம் அமெரிக்காவில் மிகச் சிறியது. ஆடுபவர்களே கலைஞருக்குக் கூலி கொடுத்தார்கள். ஆட்டம் நின்றால் கலைஞரின் வருமானம் நிற்கும். அவர் எவ்வளவு பெரிய மேதை என்பது அந்தக் கணக்கில் வராது. சங்கீத சபை போன்ற ஓர் ஏற்பாடோ அரசின் உதவியோ அவருக்குப் பின்னால் இல்லை.

டெரேன் இசையை விட்டுவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பொத்தான் அக்கார்டியனை வைத்துவிட்டு, பியானோவைப் போன்ற கட்டைகள் கொண்ட பியானோ அக்கார்டியனைக் கற்றுக்கொண்டார். அதில் அழுத்தினாலும் இழுத்தாலும் ஒரே சுரம். எல்லாச் சுதிகளிலும் வாசிக்கலாம். இத்தாலியர்கள், யூதர்கள் எனப் பல சமூகத்தாரின் திருமணங்களிலும் விருந்துகளிலும் அவர்களுக்குப் பிடித்த பாட்டுகளையும் அன்றைய பிரபலப் பாட்டுகளையும் வாசித்தார். பின்னர் மின்னணு விசைப்பலகைக்கும் மாறினார். இவற்றோடு, பாஸ்டன் நகரப் பொதுப் போக்குவரத்து நிறுவனத்தில் நெடுங்காலம் வேலை பார்த்து, 1990இல் ஓய்வு பெற்றார்.

சென்னை வாசகர்: பேருந்து, ரயில் நிறுவனத்தில் வேலை பார்த்த ஒருவரை முழுமையான இசைக்கலைஞர் என்று சொல்வது பொருந்துமா?

பொருந்தும். இந்தக் கேள்வியில் உள்ள அளவுகோலை வைத்தால் ஐரிஷ் மரபிசையின் பெரும்பெயர்களில் பாதிக்கு மேல் பட்டியலிலிருந்து விழுந்துவிடும். கால்வே மாவட்டத்து அக்கார்டியன் கலைஞர் ஜோ கூலி கட்டட வேலை செய்தார். கிளேர் மாவட்டத்தின் டோனி மக்மஹோன் (1939–2021) முதலில் பள்ளி ஆசிரியர், பிறகு அயர்லாந்தின் அரசு ஒலி–ஒளிபரப்பான ஆர்டிஇயில் நிகழ்ச்சித் தயாரிப்பாளர். கைக்கு வேறு வேலை இருந்ததால்தான் இவர்களில் பலர், சந்தை என்ன கேட்டாலும் தாம் விரும்பிய மெட்டைத் தாம் விரும்பிய நடையில் வாசிக்க முடிந்தது. மாறாக, வேலையோடு இசையாலும் வருமானம் தேடிய டெரேன்தான் தம் சொந்தக் கருவியைக் கைவிட நேர்ந்தது என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது.

யாழ்ப்பாண வாசகர்: அமெரிக்காவில்தான் இந்த நிலை, அயர்லாந்திலேயே இருந்த கலைஞர்கள் நன்றாக வாழ்ந்திருப்பார்களே?

அப்படி எண்ணத் தோன்றும். உண்மை வேறு. கிராமப்புறத்தில் இந்த இசை வாழ்ந்தது வீட்டு அடுக்களைகளிலும் நாற்சந்திகளிலும் நடந்த ஆட்டங்களில்தான். 1935இல் அயர்லாந்து அரசு கொண்டுவந்த பொது நடனக் கூடச் சட்டம், உரிமம் இல்லாமல் ஆட்டம் நடத்துவதைக் குற்றமாக்கியது. நோக்கம் என்னவாக இருந்தாலும், பல ஊர்களில் வீட்டு ஆட்டங்களுக்கும் அதனால் இடையூறு வந்தது. உரிமம் பெற்ற கூடங்களுக்கு ஏற்ற பெரிய கெய்லி (ஐரிஷ் கூட்டு நடனம்) இசைக்குழுக்கள் வளர்ந்தன. 1946இல் கிளேர் மாவட்டத்தில் தொடங்கிய டல்லா கெய்லி குழு அவற்றில் புகழ் பெற்றது. ஜோ கூலியும் பேடி ஓபிரையனும் வெவ்வேறு சமயங்களில் அதில் வாசித்திருக்கிறார்கள்.

வேலை மட்டும் கிடைக்கவில்லை. 1951க்கும் 1961க்கும் இடையே சுமார் 4 லட்சம் பேர் அயர்லாந்தை விட்டு வெளியேறினார்கள். நாட்டின் மொத்த மக்கள்தொகையே 30 லட்சத்துக்குக் கீழே இருந்த காலம் அது. கூலி, ஓபிரையன் இருவருமே 1954இல் அமெரிக்கா போனார்கள். ஓபிரையன் 1962இல் ஊர் திரும்பி, மெட்டுகள் இயற்றியும் சொல்லிக்கொடுத்தும் வாழ்ந்தார். கூலியின் கதை நீளமானது.

ஜோ கூலி 1924இல் கால்வே மாவட்டத்தின் பீட்டர்ஸ்வெல் கிராமத்தில் பிறந்தார். தாய் தந்தை இருவரும் மெலோடியன் வாசித்தவர்கள். அழுத்தி இழுக்கும் பழைய நடையில் இவரைப் போல் ஆட்களைத் துள்ளவைத்தவர் இல்லை என்று சமகாலத்தவர் சொல்லியிருக்கிறார்கள். நியூயார்க், பாஸ்டன், சிகாகோ என்று வேலை இருந்த இடமெல்லாம் போய், இறுதியில் சான் பிரான்சிஸ்கோவில் தங்கி, அங்கிருந்த இளைஞர்களுக்கு இந்த இசையைக் கற்பித்தார். இத்தனை ஊர்களிலும் அவரைக் கேட்டவர்கள் ஏராளம். ஆனால் அவர் பெயரில் ஒரு முழுத் தட்டு வெளிவரவில்லை. 1972இல் ஊர் திரும்பியபோது நுரையீரல் புற்றுநோய் அவரைப் பற்றியிருந்தது. 1973 நவம்பர் 29 அன்று கோர்ட் ஊரில் லாஹிஃப் மதுக்கடையில், நண்பர்கள் சூழ அவர் வாசித்ததை டோனி மக்மஹோன் பதிவு செய்தார். பேன்ஜோவில் டெஸ் மல்கியர், போரான் என்ற தோல்கருவியில் அவருடைய சகோதரர் ஜாக் கூலி. அடுத்த மாதமே ஜோ கூலி காலமானார். 1975இல் கேல் லின் நிறுவனம் வெளியிட்ட தட்டின் பெரும்பகுதி அந்த இரவில் பதிவானதுதான். சாகும் தறுவாயில் இருந்தவரின் வாசிப்பு என்று சொல்லாவிட்டால் யாரும் கண்டுபிடிக்க முடியாது; கடைக்குள் இருந்தவர்களின் கூச்சலும் கால்தட்டலும் அதில் அப்படியே பதிவாகியிருக்கின்றன. ஒலித்தரத்தை மட்டும் பார்ப்பவர்கள் இதைக் குறையாகச் சொல்வார்கள். எனக்கு அந்தக் கூச்சல் இல்லாமல் கூலியைக் கேட்கப் பிடிக்காது.

தஞ்சாவூர் வாசகர்: அக்கார்டியன் அயர்லாந்தின் பழைமையான கருவியா?

இல்லை. 1829இல் வியன்னாவில் சிரில் டெமியான் என்பவர் காப்புரிமை பெற்ற கருவியின் வழித்தோன்றல் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், மலிவான மெலோடியனாக அயர்லாந்தின் கிராமங்களுக்குள் நுழைந்தது. பைப், யாழ், ஃபிடில் ஆகியவற்றை மதித்தவர்கள் இதை நெடுங்காலம் வந்தேறியாகவே பார்த்தார்கள். இசையமைப்பாளர் ஷான் ஓ ரியாடா 1962இல் தம் வானொலி உரைகளில், இதைவிட மேலான கருவியைப் பயில நேரமோ முனைப்போ இல்லாத குடியானவர்களுக்காக அந்நியர்கள் செய்த பொருள் இது என்ற கருத்துப்பட இகழ்ந்தார். ஆனால் அவருடைய சொந்த இசைக்குழுவிலேயே அக்கார்டியன் கலைஞர்கள் இருந்தார்கள். சன்னி புரோகன் அவர்களில் ஒருவர். டோனி மக்மஹோனும் தாம் வாசித்த கருவியைப் பற்றிக் கடுமையாகப் பேசியவரே. அதே மக்மஹோன் சொற்களற்ற மெதுவான பாடல் மெட்டுகளை அக்கார்டியனில் வாசித்தபோது கேட்டவர்கள் கண்கலங்கினார்கள். கருவியின் மீது அவர்களுக்கிருந்த ஐயத்துக்குக் காரணம் உண்டு: நிலைத்த சுரங்கள் கொண்ட அதில் குரலின் நெளிவைக் கொண்டுவர முடியாது. நம் நாட்டில் ஆர்மோனியத்தின் மீது கமகத்தை முன்வைத்துச் சொல்லப்பட்ட குற்றச்சாட்டும் இதுவேதான். அகில இந்திய வானொலியும் நெடுங்காலம் அதை ஒதுக்கி வைத்திருந்தது.

ஈரோடு வாசகி: டெரேன் திரும்பி வந்தது எப்படி? அத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு விரல்கள் இணங்கினவா?

அவருடைய தட்டுகள் அவருக்காக வேலை செய்தன. அவர் திருமண விருந்துகளில் வாசித்துக்கொண்டிருந்த காலமெல்லாம், அந்தப் பதினாறு பக்கங்களை ஊசி தேயத் தேயக் கேட்ட இளைய அக்கார்டியன் கலைஞர்கள் அட்லாண்டிக் கடலின் இரு கரைகளிலும் இருந்தார்கள். அவர்களில் பலருக்கு அவர் உயிரோடு இருப்பதே தெரியாது. 1993இல் அந்தப் பதிவுகள் குறுந்தகடாக வெளிவந்தன. அதைத் தொடர்ந்து, வாஷிங்டன் நகருக்கு அருகே வர்ஜினியா மாநிலத்திலுள்ள வுல்ஃப் டிராப் அரங்கில் 1994இல் நடந்த ஐரிஷ் விழாவில் வாசிக்க அழைப்பு வந்தது.

அப்போது அவருக்கு வயது 64. பியானோ அக்கார்டியனில் பழகிய கைக்குத் துருத்தியின் திசையைப் பற்றிய கவலையே இல்லாமல் போயிருந்தது. பொத்தான் கருவியிலோ திசை தவறினால் சுரமே தவறிவிடும். இளமையில் பதிந்த பழக்கத்தை மீட்டெடுக்க அவர் புதிதாகச் சாதகம் செய்ய வேண்டியிருந்தது. அரங்கில் கூடியவர்கள் எழுந்து நின்று ஆரவாரம் செய்தார்கள். மறு ஆண்டே பியானோவில் ஃபெலிக்ஸ் டோலன் துணைவர ஒரு புதிய குறுந்தகடு வெளிவந்தது. 1996இல் தந்தையின் தீவைப் பெயரில் தாங்கிய மற்றொன்று. அடுத்த பதினைந்து ஆண்டுகளில் மேலும் பல வந்தன. அமெரிக்க அரசின் கலைகளுக்கான தேசிய நிதியம் மரபுக்கலைஞர்களுக்கு அளிக்கும் உயரிய விருதான தேசிய மரபுரிமை விருதை 2004இல் பெற்றார். மனைவி ஆன் பெயரில் அவர் இயற்றிய வால்ட்ஸ் மெட்டு இன்று பிற கலைஞர்களும் விரும்பி வாசிப்பது.

இந்த இரண்டாவது வாழ்க்கையில் அவர் முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் ஆடுபவர்கள் அல்லர், கேட்பவர்கள். அதற்கேற்ப அவருடைய இசையும் மாறியது. பியானோ அக்கார்டியனில் கற்ற இசைவுகளும், வேற்றுச் சமூகத்தாரின் விருந்துகளில் பழகிய நயங்களும் உள்ளே வந்துவிட்டன. வீணான ஆண்டுகள் என்று பலர் பரிதாபப்படுகிற அந்த இடைக்காலம் இல்லாமல் இந்தப் பிற்காலப் பதிவுகள் இப்படி அமைந்திருக்க முடியாது. ஆனாலும், எதைத் தேர்ந்தெடுப்பாய் என்று என்னைக் கேட்டால், இருபது வயதுகூட நிரம்பாத பையன் மூன்று நிமிடத்துக்குள் மூச்சுவிடாமல் வாசித்த அந்தப் பழைய தட்டுகளைத்தான் எடுப்பேன்.

திருநெல்வேலி வாசகர்: இன்று ஓர் இளைஞர் அயர்லாந்தில் அக்கார்டியனை மட்டும் நம்பி வாழ முடியுமா?

சிலரால் முடிகிறது. கிளேர் மாவட்டத்தைச் சேர்ந்த ஷரன் ஷானன் (பிறப்பு 1968), 1991இல் முதல் தனித் தொகுப்பை வெளியிட்டதிலிருந்து முழுநேரக் கலைஞராக உலகம் சுற்றிவருகிறார். கால்வேயின் மார்ட்டின் ஓகானர் போன்றவர்களும் உண்டு. மற்றவர்கள் பல வருமானங்களை ஒட்டுப்போட்டு வாழ்கிறார்கள்: மதுக்கடைகளில் நடக்கும் கூட்டு வாசிப்பை முன்னின்று நடத்தக் கடைக்காரர் இரண்டு மூன்று பேருக்குக் கொடுக்கும் தொகை, சுற்றுலாக் காலக் கச்சேரிகள், தனிப்பாடம், 1973 முதல் ஆண்டுதோறும் ஜூலையில் மில்டவுன் மால்பேயில் நடக்கும் வில்லி கிளான்சி கோடைப்பள்ளி போன்ற இடங்களில் ஒருவார ஆசிரியப்பணி. மெட்டுகளில் பெரும்பாலானவை யாருக்கும் சொந்தமில்லாத பழைய மெட்டுகள் என்பதால், இயற்றியவருக்குரிய உரிமைத்தொகை மிகச் சிறிதே. அரசும் 2022இல், குலுக்கல் முறையில் தேர்வான 2,000 கலைஞர்களுக்கு வாரம் 325 யூரோ வழங்கும் அடிப்படை வருமானச் சோதனைத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. கூலியின் தலைமுறை கனவிலும் காணாத ஏற்பாடு.

புதுச்சேரி வாசகர்: புதிதாகக் கேட்க விரும்புபவர் எங்கிருந்து தொடங்கலாம்?

முதலில் டெரேனின் 1940களின் தட்டுகள், அடுத்து கூலியின் 1975 தொகுப்பு. இந்த இரண்டிலும் துருத்தியின் வெட்டு காதில் பதிந்த பிறகு ஜோ பர்க்கைக் கேளுங்கள். பி – சி நடை எதை மாற்றியது என்பது விளக்கமில்லாமலே புரியும். பொல்கா மெட்டுகளில் ஆசை உண்டானால், கார்க், கெரி மாவட்டங்களின் எல்லையிலுள்ள ஸ்லீவ் லுவக்ரா பகுதியின் இசையை வாசிக்கும் ஜாக்கி டேலி (பிறப்பு 1945), 1977இல் ஃபிடில் கலைஞர் ஷேமஸ் கிரேயுடன் சேர்ந்து வெளியிட்ட தொகுப்பைத் தேடிப் பிடியுங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் கேட்க வேண்டாம். மெட்டுகளில் பெரும்பாலானவை எட்டெட்டுத் தாளச்சுற்றுகள் கொண்ட இரண்டு பகுதிகளாக, திரும்பத் திரும்ப வரும் அமைப்பில் இருப்பதால், பழகாத காதுக்கு முதல் வாரம் எல்லாம் ஒன்றுபோலவே கேட்கும்.